டெலிட் பண்ணியும் இடம் வரலையா? சர்வர்களையே நிறுத்தும் 'ஸ்டோரேஜ் ஃபுல்' சிக்கல்... பின்னணி என்ன?

போனில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்தால் நாலு வீடியோவை அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அதே சிக்கல் ஒரு நிறுவனத்தின் சர்வரில் வந்தால்?

2023 ஆகஸ்ட் 29-ம் தேதி ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றுபோயின. சைபர் தாக்குதலோ என்ற சந்தேகம்கூட எழுந்தது. கடைசியில் டொயோட்டா சொன்ன காரணம் ரொம்ப சாதாரணமானது. ஆகஸ்ட் 27-ம் தேதி நடந்த பராமரிப்புப் பணியின்போது, உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் டிஸ்க் இடம் போதவில்லை. மாற்று ஏற்பாடும் அதே சிஸ்டத்தில் இருந்ததால் அதுவும் சேர்ந்து படுத்துவிட்டது. அதிகக் கொள்ளளவு கொண்ட சர்வருக்கு டேட்டாவை மாற்றிய பிறகுதான் நிலைமை சரியானது.

டொயோட்டாவில் இடம் தீர்ந்தது. இன்று பல நிறுவனங்கள் பயன்படுத்தும் விர்ச்சுவல் ஸ்டோரேஜில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இடம் இருப்பது போலவே தெரியும், ஆனா இருக்காது!

அது எப்படி?

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, தேவைக்கேற்ப பிரித்துக் கொடுப்பதுதான் இந்த மென்பொருளின் வேலை. இதில் 'தின் ப்ரொவிஷனிங்' என்று ஒரு வசதி இருக்கிறது. நிஜத்தில் 10 டிபி இருக்கும். ஆனால் எல்லா விர்ச்சுவல் கம்ப்யூட்டர்களுக்கும் சேர்த்து 30 டிபி தருவதாகச் சொல்லி வைக்கலாம். 300 பேர் உட்காரும் பந்திக்கு 1,000 பத்திரிகை வைப்பது மாதிரி. எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட வரமாட்டாங்க என்கிற நம்பிக்கைதான்.

வந்துவிட்டால்? புதிதாக எழுத இடம் கேட்கும் கம்ப்யூட்டர்கள் அப்படியே உறைந்து நின்றுவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் 'இன்னும் 200 ஜிபி காலி' என்றே காட்டும். எங்கே கோளாறு என்று தேடுபவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, பழைய ஃபைல்களை அழித்தால்?

அங்கேதான் அடுத்த சிக்கல். ஒரு ஃபைலை டெலிட் செய்தால் பெரும்பாலும் அட்டவணையில் இருந்து அதன் பெயர்தான் நீங்கும். அந்த இடம் காலி என்று கீழே இருக்கும் ஸ்டோரேஜுக்குத் தெரியாது. சாப்பிட்டவர் எழுந்து போயாச்சு, இலையை எடுக்க ஆளில்லை. இந்த இலையெடுக்கும் வேலைக்கான கட்டளையின் பெயர் 'அன்மேப்'.

விஎம்வேர் நிறுவனம் 2011-ல் வெளியிட்ட விஸ்பியர் 5.0-ல் இது தானாக நடக்கும்படி வைத்தது. ஆனால் சில ஸ்டோரேஜ் கருவிகளில் அன்மேப் முடிய அதிக நேரம் பிடித்து, மற்ற வேலைகள் திணறின. எனவே அந்த வசதியை நிறுவனமே முடக்கியது. தற்காலிக வழியாக, அட்மின்களே கையால் ஒரு கட்டளையை ஓட்ட வேண்டியிருந்தது. அந்தக் கட்டளை காலி இடத்தில் ஒரு பெரிய தற்காலிக ஃபைலை உருவாக்கி, பிறகு அந்த இடத்தை விடுவிக்கும். இதில் சதவீதத்தை 100-க்குப் பக்கத்தில் கொடுத்தால் அந்த ஃபைலே மிச்ச இடத்தையும் நிரப்பிவிடும் அபாயம் இருந்தது. இடத்தை மீட்கப் போய் இடமே தீர்ந்த கதை!

2013-ல் வந்த 5.5 பதிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும் கட்டளை வந்தது. தானாக நடக்கும் முறை திரும்பியது 2016-ல், 6.5 பதிப்பில். அதுவும் விஎம்எஃப்எஸ் 6 என்ற புதிய ஃபைல் அமைப்பில் மட்டும். பழைய 5-ஐ அப்படியே 6-ஆக மாற்ற முடியாது. புதிதாக ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் அங்கே நகர்த்த வேண்டும். அந்த வேலையைத் தள்ளிப்போட்டால் பழைய சிக்கலும் கூடவே இருக்கும்.

எதைக் கவனிக்கணும்?

முதலில், கம்ப்யூட்டருக்குள் காட்டும் காலி இடத்தை நம்பாமல் மொத்த ஸ்டோரேஜின் நிஜ இருப்பைப் பார்க்க வேண்டும். அதற்கு அலாரமும் வைக்க வேண்டும். நிரம்பிவிட்டால், அவசரமாக ஃபைல்களை அழிப்பதைவிட ஒன்றிரண்டு விர்ச்சுவல் கம்ப்யூட்டர்களை வேறு ஸ்டோரேஜுக்கு மாற்றுவது அல்லது கொள்ளளவைக் கூட்டுவதுதான் கைகொடுக்கும்.

மறந்துபோன ஸ்நாப்ஷாட்கள்தான் பல இடங்களில் சத்தமில்லாமல் இடத்தை விழுங்குபவை. அப்டேட்டுக்கு முன்னால் 'சும்மா இருக்கட்டும்' என்று எடுத்து வைத்தது, மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். ஒரு ஸ்நாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் அறிவுரை. பேக்கப் என்று நினைத்து அதை வைத்திருப்பவர்களும் இருக்காங்க. ஆனால் ஸ்நாப்ஷாட் தனியாக நிற்காது. அசல் டிஸ்க் போனால் அதுவும் போச்சு.