நன்னீர்ச் சிப்பிகளை உயிருடன் கொண்டு செல்லும் முறை

கிணற்றுப் பாசனம் மிகுந்த நமது கொங்கு நாட்டில், பண்ணைக் குட்டையில் முத்துச் சிப்பி வளர்க்கலாமா என ரயத்துக்கள் பலர் வினவுகின்றனர். புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யாகங்காவிலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் இதற்குரிய முறையை வகுத்துள்ளனர். 8 முதல் 10 செண்டிமீட்டர் நீளமுள்ள குளத்துச் சிப்பிகளில் உட்கருவைப் பதித்து, நைலான் வலைப்பைக்கு இரண்டாக இட்டு, சுமார் 1 மீட்டர் ஆழத்தில் தொங்கவிட்டு, 12 முதல் 18 மாதம் வரை வளர்ப்பதே அதன் சுருக்கம். ஆயினும் முதல் நஷ்டம் குட்டையில் அன்று; சிப்பி வரும் வழியிலேயே நேரிடுகின்றது.

சிப்பி நீரின்றிப் பிழைக்கும் விதம்

குளம் வற்றுங்கால் சிப்பி சேற்றில் புதைந்து, ஓட்டை இறுக மூடிக் கிடப்பதை யாவரும் கண்டிருப்பர். நீரில் அது செவுள்களால் பிராணவாயுவைக் கொள்ளும். வெளியே எடுத்ததும் சிறிது நீரை உள்ளடக்கி ஓட்டை மூடிக்கொள்ளும். அந்நீரிலுள்ள பிராணவாயு விரைவில் தீர்ந்துவிடும். பின்னர், பஞ்ச காலத்துக்கெனக் குதிரில் வைத்த தானியத்தை அளந்து எடுப்பதுபோல், உடலில் சேமித்த மாச்சத்தைப் பிராணவாயுவின்றியே சிறிது சிறிதாகச் செலவிட்டு உயிர் தரிக்கும். இதனால் உடலில் அமிலம் சேரும்; ஓட்டின் சுண்ணாம்பு கரைந்து அதனை முறிக்கும். உஷ்ணம் ஏறினால் செலவு பெருகும். சேமிப்பு விரைவில் தீரும். மூடுதசை தளர்ந்து ஓடு திறந்தால் உள்நீர் ஒழுகிச் செவுள் உலர்ந்து சிப்பி மடியும்.

ஒரு சம்பவம்

ரயத்து ஒருவர், நீரின்றிச் சாகுமே என்று இரங்கி, தகரக் குடங்களில் நீர் நிரப்பிச் சிப்பிகளைத் திணித்து, மூடியிட்டு, உச்சிப்பொழுதில் வண்டியேற்றினார். நான் திறந்து பார்த்தபோது பெரும்பாலானவை வாய் பிளந்து நாறின. தேங்கிய சிறிதளவு நீரிலிருந்த பிராணவாயுவை அத்தனை சிப்பிகளும் விரைவில் தீர்த்துவிட்டன. கழிவும் வெப்பமும் சேர்ந்து நீர் கெட்டது. ஈரச் சாக்கே அவற்றைக் காத்திருக்கும்.

கைக்கொள்ள வேண்டியவை

1. அதிகாலையிலேனும் மாலையிலேனும் எடுத்து, இரவிலேயே கொண்டு செல்க.

2. நனைத்த கோணிச் சாக்கில் தளர்வாக இட்டு, மேலும் ஈரச் சாக்கால் மூடுக. வெயிலும் அனற்காற்றும் படலாகாது. சாக்கின்மேல் சாக்கை அடுக்கி நசுக்கலாகாது.

3. வழியில் சாக்கு உலராதபடி நீர் தெளிக்க.

4. சேர்ந்தவுடன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க. ஓட்டை மூடாதவற்றை அகற்றுக. செத்த ஒன்று தொட்டி நீர் முழுவதையும் கெடுக்கும்.

5. சூடேறிய சிப்பிகளை உடனே குளிர்ந்த நீரில் கொட்டாது, நிழலில் ஆறவிட்டு இறக்குக. ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைந்திருக்கும். முன்னரே தொட்டியில் பாய்ச்சி ஆறவைத்த நீரே உத்தமம்.

6. சிப்பி ஒன்றுக்கு 1 லிட்டர் நீர் வீதம் 2 அல்லது 3 நாள் வைத்திருந்த பின்னரே உட்கரு பதிக்க வேண்டும். வழியில் நலிந்தவை கத்தியைத் தாங்கா.

கிராம அதிகாரிகளுக்கு

குளம் எவர் பொறுப்பிலுள்ளதோ அவர் அனுமதியின்றிச் சிப்பி எடுக்க விடலாகாது. சிப்பி நீரை வடிகட்டி உண்பது. ஆகவே சாயக் கழிவு கலந்த நொய்யல் ஓரங்களிலிருந்து எடுத்தலும் தகாது. ஒரு குளத்தையே துடைத்தெடுத்தால் மறு ஆண்டு விதையும் இல்லை, நீரைத் தெளிவிப்பாரும் இல்லை.

முத்தின் லாபத்தைக் கணக்கிடுமுன், சாக்கிலிருந்து உயிருடன் இறங்கும் சிப்பிகளை எண்ணிப் பார்ப்பதே விவேகம்.