கைக்கு எட்டாத காயில்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், நம் அன்பர் ஒருவருடைய டாக்சி சயானைத் தாண்டிச் செம்பூர் நோக்கி வருகையில் திடீரெனக் குலுங்கத் தொடங்கிற்று. இழுக்கும் சக்தி பாதியாகக் குறைந்தது. முகப்பிலே எஞ்சின் வடிவிலுள்ள மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அன்பர் தாராவிவாசி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வண்டி கடனில் வாங்கியது. ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் நிற்கும், தவணை நிற்காது.

அருகிருந்த பட்டறை ஒன்றிலே பார்த்துவிட்டு, "நான்கு காயில்களையும் ஒயரிங்கையும் மாற்றவேண்டும்" என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கி வைத்திருந்த தொகை முழுவதையும் விழுங்கக்கூடிய மதிப்பீடு அது. கெட்டது நான்காவது காயிலாக இருக்கலாமென்று அவர்களுக்கும் ஐயம் உண்டு. ஆனால் அது இருக்கும் மூலைக்குக் கை போவது கடினம். ஒரு முறை கழற்றினால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே நல்லது என்பது அவர்கள் வாதம்.

காயில் என்பது யாது? பாட்டரி தருவது 12 வோல்ட். ப்ளக்கின் நுனியிலே பொறி பறக்க வேண்டுமானால் இருபதினாயிரம் வோல்ட் அளவிலாவது அழுத்தம் வேண்டும். இரும்பு உள்ளகத்தின்மீது தடித்த கம்பி சில நூறு சுற்றுகளும், மயிரிழை போன்ற மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றுகளும் சுற்றப்பட்டிருக்கின்றன. தடித்த கம்பியிலே ஓடும் மின்சாரம் சட்டென்று அறுபடும்போது, மெல்லிய கம்பியிலே பேரழுத்தம் எழுகிறது. 1831இல் பாரடே கண்ட தத்துவமே இது. அதைக் கொண்டு 1910ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களுக்குப் பற்றவைப்பு முறையை வகுத்துத் தந்தவர் அமெரிக்கரான சார்ல்ஸ் கெட்டரிங்.

நம் நகரத்துப் பத்மினி டாக்சிகள் ஓடியதும் அம்முறையிலேதான். குர்லாவில் பிரீமியர் ஆலையார் 1964இல் தயாரிக்கத் தொடங்கிய பியட் வண்டியே 1974இல் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. அதில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு காயில். பானெட்டைத் தூக்கினால் உருளை வடிவிலே கண்ணெதிரே நிற்கும். இரண்டு போல்ட்டுகளும் மூன்று ஒயர்களுமே அதன் கட்டு. சாலையோரத்திலே, ஏறியிருப்பவரை இறக்காமலே மாற்றிவிடலாம். கடைசிப் பத்மினி டாக்சி தாட்தேவ் அலுவலகத்திலே பதிவானது 29-10-2003இல். டாக்சிக்கு இந்நகரில் விதிக்கப்பட்ட ஆயுள் 20 ஆண்டுகளாகையால், 2023 அக்டோபர் 30 முதல் அவை சாலையிலிருந்து மறைந்தன.

இக்காலத்து வண்டிகளில் ப்ளக் ஒன்றுக்குக் காயில் ஒன்று, ப்ளக்கின் தலைமேலேயே குழியில் இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. நீண்ட ஒயர்கள் இல்லாமையால் பொறி வலுவாக விழுகிறது; இந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் எஞ்சினின் வெப்பம் முழுவதும் காயிலைத் தாக்குகிறது. சி.என்.ஜி. வாயுவில் ஓடும் வண்டியிலே பொறி பறக்கப் பெட்ரோலைவிடக் கூடுதலான அழுத்தம் வேண்டியிருப்பதால் காயிலுக்குச் சுமை இன்னும் அதிகம். நம் அன்பரின் வண்டியிலோ காற்று வடிகட்டிப் பெட்டி மேலே, வைப்பர் தட்டு பின்னாலே, போதாக்குறைக்குக் காஸ் குழாய் குறுக்கே! இவற்றுக்கிடையிலே பதுங்கியிருந்தது நான்காவது காயில்.

அன்பர் நம்மையும் உடன் அழைத்துக்கொண்டு, தாராவியிலுள்ள முதிய மேஸ்திரி ஒருவரிடம் சென்றார். பத்மினியிலே கை தேய்ந்தவர் அவர். "புது வண்டி உங்களுக்கு ஒத்துவருமா, அண்ணாச்சி?" என்று அன்பர் தயங்கிக் கேட்டார். "காயில் காயில்தானே, தம்பி! வண்டி ஆறட்டும், உட்காருங்கள்" என்றார் மேஸ்திரி. அவருடைய மருமகன் ஒரு சிறு கருவியை வண்டியிலே சொருகிக் கைப்பேசியில் பார்த்தான். பி 0304 என்று வந்தது. நான்காவது சிலிண்டர் எரியவில்லை என்பது அதன் பொருள். காயில் கெட்டது என்று அது சொல்லவில்லை. ப்ளக்கோ ஒயரோ கூடக் காரணமாகலாம். இவ்விடத்திலேதான் பலர் பணத்தை இழக்கின்றனர்.

வண்டி ஆறியதும் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார்கள். காற்றுப் பெட்டி வெளியே வந்தது. காஸ் குழாயின் இணைப்பை மேஸ்திரி தொடவில்லை. அதைத் தாங்கும் பட்டையை மட்டும் தளர்த்தி, குழாயை ஒதுக்கிக் கயிற்றால் கட்டினார். காயிலின் 10 மில்லிமீட்டர் போல்ட்டைக் கண்ணால் காண முடியாது. நீண்ட கம்பியும் சாக்கெட்டும் கொண்டு, தடவியே கழற்றினார். வெப்பத்தால் மொரமொரப்பாகிப்போன ஒயர்ப் பூட்டை நகத்தால் நெம்பினார். அது உடைந்தால்தான் ஒயரிங் செலவு. பின்பு காயிலை இப்பக்கமும் அப்பக்கமும் மெல்லத் திருகி, ரப்பர் உறையின் பிடி தளர்ந்ததும் நேராக மேலே இழுத்தார். முரட்டுத்தனமாக இழுத்தால் உறை குழிக்குள்ளேயே அறுந்து நின்றுவிடுமாம்.

அடுத்து அவர் செய்தது எளியதொரு சோதனை. நான்காவது காயிலை இரண்டாவது குழியிலும், இரண்டாவதை நான்காவதிலும் பொருத்தி, எல்லாவற்றையும் மீண்டும் பூட்டி எஞ்சினை ஓட்டச்செய்தார். கருவி இப்போது பி 0302 என்று காட்டிற்று. குற்றம் காயிலோடு இடம் மாறிவிட்டது! மற்ற மூன்றும் நல்லவை; ஒயரிங்கும் நல்லது. ஒயரைப் பிடுங்கி எஞ்சின்மீது பொறி விழுகிறதா என்று பார்க்கும் பத்மினிக் காலத்து வழக்கத்தை மட்டும் அவர் அறவே விட்டுவிட்டார். இவ்வண்டிகளில் அது காயிலையும் கணினியையும் கெடுக்கும், பார்ப்பவருக்கும் ஆபத்து.

அத்தோடு அவர் நிற்கவில்லை. நான்காவது குழிக்குள்ளே விளக்கைக் காட்டிப் பார்த்தால், அடியிலே எண்ணெய். மேல்மூடியின் சீல் கசிந்து, எண்ணெய் ரப்பர் உறையை ஊறவைத்திருந்தது. மின்பொறி ப்ளக்கை விட்டு உறையின் வழியே குழிச்சுவருக்குத் தாவியிருக்கிறது. சீலை மாற்றாமல் புதுக் காயிலை இறக்கினால் சில மாதங்களில் அதற்கும் இதே கதிதான். மூடியைக் கழற்றிச் சீல்களை மாற்றப் பிற்பகல் முழுவதும் பிடித்தது. காயிலின் போல்ட்டைக் கையாலேயே சுற்றி இறக்கி, இறுதியில் மட்டும் சிறிதே முறுக்கினார். மரை கெட்டால் வேறு தொல்லை.

காயிலைக் குர்லா சி.எஸ்.டி. சாலைக் கடைகளில் பாதி விலைக்கு வாங்கலாமென்று அன்பருக்கு ஆசை. மேஸ்திரி சம்மதிக்கவில்லை, பெட்டியும் எண்ணும் ஒத்த பொருளையே வாங்கிவரச் செய்தார். அவ்வளவும் சேர்ந்து, முதல் மதிப்பீட்டிலே மூன்றிலொரு பங்கைத் தாண்டவில்லை.

ஆயினும் ஒரு விஷயத்தில் அன்பர் அவரிடம் நன்றாகத் திட்டு வாங்கினார். விளக்கு விட்டுவிட்டு எரிந்தும், சவாரியைக் கைவிட மனமின்றிச் செம்பூர்வரை ஓட்டியிருக்கிறார் அல்லவா? எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரிலே போய் எரிந்தால், அது உருகிவிடும். அதற்குள் பிளாட்டினம் முதலிய உலோகங்கள் உண்டு. விலை காயிலைப்போலப் பன்மடங்கு. இம்முறை அது தப்பிற்று. மாலையில் வண்டியைச் சயான்வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினோம். குலுக்கல் இல்லை. அன்றிரவே அன்பர் குர்லா முனையத்துக்குச் சென்று, சென்னை ரயிலில் வந்திறங்கியவர்களுக்காகக் காத்து நின்றார்.