மூணு டிகிரி சந்தோஷம்!

மார்கழி பிறந்தால் போதும், எனக்குச் சென்னையில் இருப்புக் கொள்ளாது. கச்சேரிக்காக இல்லை சார், கம்பளிக்காக! வருஷம் பூரா வியர்வை துடைத்தே கர்ச்சீப்பைக் கிழித்துக் கொள்கிறவனுக்கு, ஆரணியை அடுத்த சேவூரில் அப்பா வீடு இருப்பது எவ்வளவு பெரிய சொத்து தெரியுமா?

'ஆரணியில் ஏதய்யா குளிர்? வேலூர் வெயிலுக்குப் பக்கத்து வீடாச்சே!' என்பீர்கள். நியாயம்தான். மே மாசம் செருப்பில்லாமல் தெருவில் கால் வைக்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் கதையே வேறு. சென்னைக்குப் பக்கத்தில் கடல். பகலில் வாங்கிய சூட்டைச் சேர்த்து வைத்து, ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். பாங்க் டெபாசிட் மாதிரி! எங்கள் பக்கம் கடல் கிடையாது. மழை ஓய்ந்து வானம் வெளுத்துவிட்டால், பகலில் சம்பாதித்த சூட்டையெல்லாம் நிலம் ராத்திரியே செலவழித்துவிடும். ஜனவரி மாசத்து இரவு சென்னையில் சராசரி சுமார் 21 டிகிரி என்றால், வேலூரில் சுமார் 18. வித்தியாசம் மூணே டிகிரி! இதற்கா மப்ளர், குரங்குக் குல்லா என்று ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே!

போன மார்கழியிலும் போயிருந்தேன். விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கர் எழுப்பியது. அம்மா தந்த டீயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி திண்ணையில் உட்கார்ந்தேன். தெருவில் ஒரு பக்கம் கோலம்; இன்னொரு பக்கம் பட்டுப் பாவு நீட்டியிருந்தார்கள். அறுந்த இழையை முடிந்து, கஞ்சி போட்டுக் காய வைக்கிற வேலை. கோடையில் வெயில் ஏறுவதற்குள் முடிக்கணும், இல்லாவிட்டால் இழை முறுகி அறும். பனிக்காலத்தில் நேர் எதிர். எப்போ வெயில் வரும், எப்போ கஞ்சி காயும் என்று வானத்தைப் பார்க்கணும்.

"என்னமா ஜில்லுன்னு இருக்கு! சொர்க்கம்ப்பா!" என்றேன்.

அப்பா பதில் சொல்லவில்லை. உள்ளே போய்க் குழித்தறியில் இறங்கினார். மிதிகட்டையில் கால் வைக்கும் முன் முழங்காலை ரெண்டு நிமிஷம் பரபரவென்று தேய்த்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போடுங்களேன்பா."

"மார்கழில கல்யாணம் கிடையாது. தையில இருக்கே! முகூர்த்தப் புடவைடா. பொண்ணு வீட்டுக்காரங்க லீவு குடுப்பாங்களா?"

நாடா ஓட ஆரம்பித்தது. அம்மா மெதுவாகச் சொன்னாள்: "பனி வந்தா அவருக்கு முட்டி மடங்காதுடா. குழியில ஈரம் வேற. நீ வந்திருக்கிறப்ப மட்டும் காட்டிக்க மாட்டார்."

டீ ஆறிப் போச்சு. பி.காம். முதல் வருஷத்தில் மனப்பாடம் செய்த பாடம்: ஒவ்வொரு வரவுக்கும் எங்கேயோ ஒரு பற்று உண்டு. வருஷா வருஷம் நான் வரவு வைத்த குளிருக்கு, பற்று அந்தக் குழிக்குள் ஏறிக் கொண்டிருந்தது. கணக்குப் படித்தவன் கண்ணில்தான் அது படவில்லை!

மறுநாள் காலை என் மப்ளரைக் காணோம். வீடெல்லாம் தேடினேன். கடைசியில் தறிக் குழிக்குள் எட்டிப் பார்த்தால்... அப்பாவின் முழங்காலில் சுற்றியிருக்கிறது!

"உங்க மெட்ராஸ் சரக்கு பரவாயில்லடா, கதகதன்னு இருக்குது" என்றார், நாடாவை நிறுத்தாமலேயே.

இந்த மார்கழிக்கு இப்போதே முழங்காலுக்குக் கம்பளி உறை இரண்டு ஜோடி வாங்கி வைத்துவிட்டேன். மப்ளரா? அதைத் திருப்பிக் கேட்கிற தைரியம் எனக்கில்லை!