திண்டுக்கல் தாய்மார் உலகிற்குக் கற்பித்த பாடம்

தறியில் ஓர் இழை அறுந்தால், தறியை நிறுத்தி, இழையை முடிந்த பின்னரே நெய்தலைத் தொடர்வது நெசவாளர் வழக்கம். ஓர் இழைதானே என்று அலட்சியமாக விட்டால் துணி முழுவதும் பழுதாகும் என்பது நம் செல்லூரில் சிறுவரும் அறிந்த உண்மை. ஆயினும், அத்தறியருகே நாளெல்லாம் உழைக்கும் தாய்மார், தம் உடலில் ஓர் இழை அறுந்தால் மட்டும், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகின்றனர். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்கு ஓடும் கால்கள், தமக்கென்று வரும்போது தயங்குகின்றன.

இவ்வாறு தள்ளிப்போடுவதால் பெருங்கேடு விளைவிக்கும் நோய்களுள் ஒன்று கருப்பைவாய்ப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இந்நோயால் உயிரிழந்தனர் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டுள்ளது. வேதனை யாதெனில், புற்றுநோய்களுள் முன்கூட்டியே கண்டு தடுக்கத்தக்கவற்றில் இது முதன்மையானது. இவ்வுண்மையை உலகிற்கு எண்ணிக்கையோடு மெய்ப்பித்துக் காட்டியவர்கள் வேறெங்கோ உள்ளவர்கள் அல்லர். 1985ஆம் ஆண்டுவரை நம் மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்த திண்டுக்கல் சீமையின் பெண்களே!

ஒரு பஞ்சும் சிறிது காடியும்

மேலை நாடுகளில் இந்நோயைத் தடுக்க நெடுங்காலமாகக் கையாளப்பட்டது 'பாப்' பரிசோதனை. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். நுண்ணோக்கியில் உயிரணுக்களைப் பார்த்து அறியும் வல்லுநர் வேண்டும். முடிவு வரும்வரை காத்திருந்து, பெண்கள் மீண்டும் வரவும் வேண்டும். நம் சிற்றூர்களில் இவை எளிதில் கிட்டுவனவோ?

ஆகவே அறிஞர் எளிய வழியொன்றை நாடினர். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் எனப்படும் காடியில் உள்ள அதே பொருளை, பஞ்சில் நனைத்துக் கருப்பையின் வாயில் தடவுவர். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில், மாறுதலடைந்த பகுதி வெண்படலமாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர் வெறுங்கண்ணாலேயே அதனைக் காண இயலும். முறை எளிது, ஆனால் அது உயிர்களைக் காக்குமா? இவ்வினாவிற்கு விடை காண எழுந்ததே திண்டுக்கல் ஆய்வு.

ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டு முகமையும் இப்பணியில் கைகோத்தன. டாக்டர் ஆர். சங்கரநாராயணன் ஆய்வுக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். திண்டுக்கல் மாவட்டத்தில் 114 ஊர்த் தொகுதிகள் தெரிந்தெடுக்கப்பட்டு, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்கள் ஒருமுறை பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். மற்ற 57 தொகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதிகளே தொடர்ந்தன.

2000 முதல் 2003 வரை 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். பத்தில் ஒருவருக்கு வெண்படலம் தென்பட்டது. அவர்கள் அனைவரும் புற்றுநோயாளர் அல்லர். மேற்சோதனை தேவைப்பட்டவர்கள், அவ்வளவே. புற்றாக மாறக்கூடிய சிறு புண்களைச் செவிலியரே கடுங்குளிரால் உறையவைத்து, பெரும்பாலும் அதே நாளில் அகற்றினர். பெரிய புண்கள் உள்ளோர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர்.

முடிவுகள் 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தன. அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோய் தோன்றுவது 25 விழுக்காடும், அதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. முப்பதுகளில் இருந்த பெண்களே மிகுந்த பயன் அடைந்தனர். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, செவிலியர் செய்த ஒரு பரிசோதனை அளித்த பயன் இது!

இதன் பின்னர், 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கிய தமிழக அரசு, 2012இல் இப்பரிசோதனையை மாநிலமெங்கும் விரிவாக்கியது.

நியாயமானதொரு வினா

"பாதிப் பெண்களை அழைத்து, மீதிப் பெண்களை விட்டுவிடுவது முறையாகுமா?" என்று வாசகர் கேட்கலாம். இத்தகைய ஆய்வுகளைக் குறித்து அறிஞரிடையேயும் பின்னாளில் கடும் விவாதம் எழுந்தது. ஒழுங்கான பரிசோதனைத் திட்டம் எதுவும் அங்கு அக்காலத்தில் இல்லை என்பதும், ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது என்பதும் ஒரு சாராரின் விடை. பயன் தருமென நம்பத்தக்க ஒன்றை எவருக்கும் மறுத்தலாகாது என்பது மறு சாராரின் கூற்று. எவ்வாறாயினும் ஒன்று உறுதி. அழைக்கப்படாத ஊர்களில் 92 பெண்கள் இந்நோயால் மாண்டனர். அம்மரணங்களும் சேர்ந்தே நமக்கு இவ்வறிவைத் தந்தன. அவ்வறிவை நாம் பயன்படுத்தாமற்போனால், அவர்களுக்குப் பட்ட கடனை மறந்தவர்கள் ஆவோம்.

வராதவர் எத்தனை பேர்?

இவ்வாய்வில் என் நெஞ்சை உறுத்தும் எண் மற்றொன்று உண்டு. அழைப்புப் பெறத் தகுதியுள்ள பெண்கள் 49,311 பேர். வந்தவர்களோ 31,343 பேர். ஆக, ஏறத்தாழ 18,000 பெண்கள் வரவில்லை! பரிசோதனை தம் ஊருக்கே தேடி வந்தும், மூவரில் ஒருவர் விலகி நின்றார். வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டே மேற்கூறிய பயன் கிடைத்தது. அனைவரும் வந்திருந்தால் இன்னும் எத்தனை இல்லங்களில் விளக்கு அணையாதிருந்திருக்கும்!

ஏன் வருவதில்லை? "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்பது முதற்காரணம். ஆனால் இந்நோயின் தொடக்க நிலையில் வலியோ வேறு அடையாளமோ இராது. கிருமி தொற்றிப் புற்றாக மாறப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். நலமாக இருக்கும்போது பார்ப்பதே இதன் பொருள். மாதவிலக்கு நின்ற பின் உதிரப்போக்கு, இடைநாட்களிலோ தாம்பத்திய உறவிற்குப் பின்னரோ உதிரம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை தோன்றினால், பரிசோதனை முகாமுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

இரண்டாவது, நாணம். மூன்றாவது, ஊர் வாய். இந்நோய்க்குக் காரணமான பாப்பிலோமா கிருமி பாலுறவின் வழியே பரவுவது என்றதும், சிலர் நோயுற்ற பெண்ணின் ஒழுக்கத்தை எடைபோடத் துணிகின்றனர். இது கொடிய அநீதி. மிகப் பெரும்பாலோர் வாழ்வில் ஒருமுறையேனும் இக்கிருமியைப் பெறுகின்றனர். பெரும்பாலும் அது தானே நீங்கிவிடும். கணவர் ஒருவரையன்றி வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் இது வரலாம். நோயுற்றவரைப் பழிப்பவர், நாளை பரிசோதனைக்கு வரவிருக்கும் பத்துப் பெண்களை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார் என்பதை உணர்வாராக.

குடும்பத்தின் கடமை

முப்பது வயது நிறைந்த தாய்மார், அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இப்பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம். செல்லூர் மக்களுக்கு அருகிலேயே அரசு இராசாசி மருத்துவமனை உள்ளது. கிருமியையே கண்டறியும் புதிய சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் மேலானதாகப் பரிந்துரைக்கிறது. வாய்ப்புள்ளோர் அதனைச் செய்துகொள்ளலாம். 9 முதல் 14 வயதுவரையுள்ள சிறுமியருக்குத் தடுப்பூசியும் உண்டு. தடுப்பூசி மகளுக்கு, பரிசோதனை தாய்க்கு. ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது. தடுப்பூசி பெற்ற மகளும் உரிய வயதில் பரிசோதனை செய்துகொள்ளவே வேண்டும்.

கணவன்மாரே, ஒரு நாள் கூலியைப் பெரிதெண்ணாது மனைவியை அழைத்துச் செல்லுங்கள். மாமியார்மாரே, "எங்கள் காலத்தில் இதெல்லாம் உண்டா?" என்று கேளாது, மருமகளுக்குத் துணையாக நீங்களே செல்லுங்கள். அறிஞர் தம் பங்கைச் செய்துவிட்டனர், செவிலியர் காத்திருக்கின்றனர். அந்த 18,000 பேருள் ஒருவராக நம் வீட்டுப் பெண் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் உள்ளது.