ஒரு கைக்கு எத்தனை மருத்துவர்கள்?

வளைந்துபோன விரலை நிமிர்த்த வேண்டுமானால், நல்ல எலும்பு மருத்துவர் ஒருவர் கிடைத்தால் போதும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது போதுமா? செங்கற்பட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தருகிறது.

செங்கற்பட்டை ஒட்டிய திருமணியில் மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1955-இல் அது அமைவதற்கு முன் அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இயங்கியது. தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பின்பேரில், 1947-இல் பால் பிராண்ட் அங்கு வந்தார். இவர் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். அங்கிருந்த நோயாளிகள் பலருக்கு விரல்கள் கொக்கிபோல் வளைந்திருந்தன. ஆனால் ஒருவருடைய கையைப் பற்றியபோது, அந்தப் பிடியின் வலு பிராண்டை வியப்பில் ஆழ்த்தியது!

விரல் வளைந்த பின்னும் வலு எப்படி எஞ்சியது? மாமல்லபுரக் கடற்கரைப் பக்கம் கரைவலை இழுப்பதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். வலை கடலில், இழுப்பவர்கள் கரையில், நடுவே நீண்ட கயிறு. நம் கையும் அப்படித்தான். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் உள்ளன. தசைநாண்களே கயிறுகள். உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் இழுவிசைகளைச் சமன்செய்கின்றன.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் நன்கு வளரும். எனவே முழங்கையருகே தோலை ஒட்டிச் செல்லும் நரம்பு எளிதில் பழுதாகிறது. அதனால் உள்ளங்கைச் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கைத் தசைகளில் பெரும்பாலானவை தப்பிவிடுகின்றன. வலு இருக்கிறது, சமநிலை இல்லை. அதனால்தான் விரல் வளைகிறது.

அப்படியானால் நல்ல தசை ஒன்றின் நாணை நான்காகப் பிரித்து, நான்கு விரல்களிலும் இணைத்தால் என்ன? பிராண்ட் முன்னோடியாக நின்று வளர்த்த அறுவை முறை இதுதான்.

ஆனால் கத்தியோடு வேலை முடியவில்லை. முதலில் தொழுநோய் மருத்துவர் மருந்தால் நோயை அடக்க வேண்டும். மயக்க மருத்துவர் உடனிருக்க வேண்டும். கட்டுப் பிரித்த பின், இடம் மாறிய தசைக்குப் புது வேலையை இயன்முறைச் சிகிச்சையாளர் பழக்க வேண்டும். பழக்காவிட்டால் அறுவையின் பயன் வீணாகும்.

செருப்புத் தைப்பவருக்கும் இங்கே இடமுண்டு. 60 கிலோ எடையுள்ளவர் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஊன்றி நின்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 0.6 கிலோ எடையைத் தாங்குகிறது. அதே எடை 5 சதுர சென்டிமீட்டரில் விழுந்தால் 12 கிலோ, அதாவது இருபது மடங்கு! உணர்விழந்த பாதம் இதை அறியாது, புண்ணாகும். மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் எடையைப் பரப்பிப் பாதத்தைக் காக்கிறது.

குழு மருத்துவம் என்பதன் பொருள் இதுவே. ஒரே கட்டடத்தில் பல பெயர்ப்பலகைகள் தொங்கினால் அது குழு ஆகிவிடாது. ஒரே நோயாளியின் குறிப்பேட்டைப் பலரும் படித்து, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்தால்தான் குழு.

எனவே எலும்பு முறிவுக்கோ மூட்டு வலிக்கோ மருத்துவரைத் தேடும்போது, எலும்பியலில் அவர் பெற்ற பட்டத்தையும் மருத்துவக் கவுன்சில் பதிவையும் பாருங்கள். பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவர் இல்லாத நாளில் என்னைக் கவனிப்பவர் யார்? கட்டுப் பிரித்த பின் பயிற்சி தருபவர் யார்? சர்க்கரை நோய் போன்ற வேறு நோய் இருந்தால், அதைப் பார்க்கும் மருத்துவரோடு இவர் கலந்து பேசுவாரா?

அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இந்தக் கேள்விகள் பொருந்தும். எலும்பைச் சேர்த்துவைப்பது ஒரு நாள் வேலை. அந்தக் கை மறுபடி சோற்றைப் பிசையவும் பேனா பிடிக்கவும் செய்வது பலருடைய பல நாள் உழைப்பு.