சாலைக் கணக்கு – 17: ஒரு டபரா காபிக்கு எத்தனை கார்?

ஆயிரம் சதுர அடியில் ஒரு காபிக் கடை. காரை விட்டு இறங்காமல் ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொண்டு போகும் டிரைவ் த்ரூ வசதி உண்டு. காலை நெரிசல் நேரத்தில் அந்தக் கடை மணிக்குச் சுமார் 86 வண்டிப் பயணங்களை உண்டாக்கும் என்கிறது அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் கழகத்தின் கையேடு. 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பில் 937 என்ற குறியீட்டைப் புரட்டினால் இந்த எண் கிடைக்கும். உள்ளே வருவது ஒரு பயணம், வெளியே போவது இன்னொன்று; ஆக வாடிக்கையாளர் வண்டிகள் 43. அங்கே பல ஊர்களில் கடை கட்ட அனுமதி கேட்பவர், இந்த எண்ணைத் தன் கடையின் பரப்பளவால் பெருக்கி, எதிரே உள்ள சாலை அதைத் தாங்குமா என்று காட்டியாக வேண்டும்.

நெல் லாரிகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். இந்த வாரம் அதே சாலையில் நிற்கும் கார்கள்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரும் நான்குவழிச் சாலையில் வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடியைத் தாண்டி வல்லம் நோக்கி வாருங்கள். ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்ற போர்டு கண்ணில் படாமல் இருக்காது. கீற்றுக் கொட்டகை, பளபளக்கும் பித்தளை டபரா செட், பக்கத்தில் வேர்க்கடலை உருண்டையும் பனங்கற்கண்டும் விற்கும் மேசை, முன்னால் கப்பி கொட்டிய திடல். கும்பகோணத்துக்கும் இந்தக் கடைகள் பலவற்றுக்கும் உள்ள உறவு அந்தப் போர்டோடு சரி. காபி நன்றாகவே இருக்கும் என்பதால் அந்த வழக்கை இங்கே எடுக்கவில்லை. இப்படி ஒரு கடை இந்தச் சாலைக்கு என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

937-ஐ இங்கே போட்டுப் பார்க்கலாம். கொட்டகை 300 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் வருவது 26 பயணம், அதாவது மணிக்கு 13 கார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஓட்டமுள்ள ஒரு கடையின் வாசலில் நின்றால், 13 கார் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகாது என்பது தெரியும். கூரைக்குக் கீழே எத்தனை அடி என்பதற்கும் நம் கடையின் வியாபாரத்துக்கும் சம்பந்தம் குறைவு. பாதிப் பேர் வெயிலில் நின்று குடிக்கிறார்கள். வயதானவர்களுக்கு டபரா காருக்கே போகிறது. பரப்பளவை விட்டுவிட்டு, பாய்லர் முன்னால் எத்தனை காபி மாஸ்டர்கள், திடலில் எத்தனை கார் நிற்க இடம் என்று கேட்டால் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகலாம்.

காரிலேயே சாப்பிடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ் இன் 1962-இல் திறந்தது, 2008-இல் மூடியது. இன்று அங்கே செம்மொழிப் பூங்கா. அங்கே காரை மரத்தடியில் நிறுத்திவிட்டு ஆற அமர இட்லி சாப்பிட்டார்கள். தோட்டம் பெரியது, எத்தனை கார் வந்தாலும் உள்ளே வாங்கிக்கொண்டது. நெடுஞ்சாலைக் கடைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அடுத்தது நேரம். அமெரிக்கக் கையேடு காலை நெரிசலைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே காபி ஆபீஸ் போகும் வழியில் வாங்கப்படுகிறது. டெல்டாவில் கார் ஓடுவது முகூர்த்தத்தைப் பார்த்து. வைகாசி, ஆவணி, தை வளர்பிறை முகூர்த்த நாளுக்கு முந்தின மாலை ஒரு கணக்கு. கல்யாணம் முடிந்து ஊர் திரும்பும் மதியம் ஒரு கணக்கு. சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு. ஒரே நாளில் ஒன்பது கோயிலையும் முடிக்க, விடியுமுன் கிளம்பும் நவகிரக வேன்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. ஆடி மாதத்து செவ்வாய்க்கிழமை மதியம் எண்ணிவிட்டு ‘சராசரி’ என்று எழுதுகிறவரை இந்தச் சாலை கேலி செய்யும்.

நம் பொறியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஊர்ப்புறச் சாலைகளில் வண்டி எண்ணுவதற்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1972-இலேயே ஒரு நெறிமுறை வகுத்தது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது, ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஏழு நாள், நாளுக்கு 24 மணி நேரம் எண்ண வேண்டும். அதில் ஒரு முறை அறுவடையும் விற்பனையும் மும்முரமாக நடக்கும் காலத்தில் இருக்க வேண்டும், மற்றது ஓய்ந்த காலத்தில். தஞ்சாவூரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போலவே இருக்கும். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் கதிர் அறுக்கும் இயந்திரங்கள் டிரெய்லர் மேல் நகர்கின்றன, கொள்முதல் நிலையங்களுக்கு நெல் மூட்டைகளோடு டிராக்டர்கள் போகின்றன, களம் போதாத ஊர்களில் நெல் சாலையிலேயே காய்கிறது. அந்த மாதத்தில் சாலையின் அகலம் வரைபடத்தில் உள்ள அகலம் இல்லை.

வண்டியை எண்ணினால் மட்டும் போதாது, எடை போடவும் வேண்டும். அதே அமைப்பின் 1990-ஆம் ஆண்டு நெறிமுறை காரை 1 என்று வைத்து மற்றவற்றை அளக்கிறது: மோட்டார் சைக்கிள் 0.5, லாரி, பஸ் 3, டிரெய்லர் மாட்டிய டிராக்டர் 4.5, மாட்டு வண்டி 8. திடலிலிருந்து ஒரு கார் சாலையில் ஏறும் அதே இடத்தில் நெல் டிராக்டர் ஒன்று வந்தால், அங்கே ஐந்தரைக் கார் அளவுக்கு நெருக்கடி.

எல்லாம் சரி, இந்தக் கடையால் சாலையில் வண்டி கூடுகிறதா? கிட்டத்தட்ட இல்லை. காபி குடிப்பதற்கென்றே திருச்சியிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறவர் இருக்கலாம் (எனக்கே அப்படி நண்பர்கள் உண்டு), ஆனால் பெரும்பாலோர் எப்படியும் அந்தச் சாலையில் போகிறவர்கள். அமெரிக்கக் கையேடும் இவர்களைப் புதுப் பயணக் கணக்கிலிருந்து கழித்துவிடச் சொல்கிறது. கழித்தபின் மிஞ்சுவது சொற்பம். ‘எங்களால் டிராஃபிக் கூடவில்லை’ என்று கடைக்காரர் சொன்னால் அது உண்மைதான்.

சிக்கல் திரும்புவதில் இருக்கிறது. 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், போர்டைப் பார்த்ததும் பிரேக் அடிக்கிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு அது தெரியாது. காபி முடிந்து கிளம்பும்போது நின்ற இடத்திலிருந்து நேராக வேகத் தடத்தில் ஏறுகிறார்கள். எதிர்ச்சாரியில் போகிறவருக்கும் காபி ஆசை வரும். மீடியனில் அடுத்த இடைவெளி வெகு தூரத்தில் இருந்தால் ராங் சைடில் வருவார், அல்லது காரை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான்கு தடத்தையும் நடந்து கடப்பார். மணிக்கு எத்தனை கார் வந்தது என்ற எண் இதில் எதையும் சொல்லாது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எங்கே நின்றது, எப்படி வெளியேறியது என்று மூன்று பத்தியில் எண்ண வேண்டும்.

எவ்வளவு நேரம் நின்றது என்பது நான்காவது பத்தி. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இங்கே கைகொடுக்கும்: வருகை வேகத்தை, தங்கும் நேரத்தால் பெருக்கினால், எந்த நேரத்திலும் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்று வந்துவிடும். மணிக்கு 40 கார், ஒவ்வொன்றும் 15 நிமிடம் என்றால் திடலில் 10 கார். குடும்பத்தோடு வந்து கழிப்பறை, கடலை உருண்டை, செல்ஃபி என்று அரை மணி ஆனால் 20 கார். திடலில் 12-க்குத்தான் இடம் என்றால் மீதி எட்டும் சாலையோரத்தில்.

அப்படியானால் டிரைவ் த்ரூவே மேல், யாரும் நிற்கப்போவதில்லையே என்று தோன்றும். அங்கே வரிசை என்ற வேறு கணக்கு. ஒரு காருக்குச் சராசரி ஒன்றரை நிமிடம் என்றால், ஜன்னல் மணிக்கு 40 காரை அனுப்பும். கார்கள் தாறுமாறான இடைவெளியில் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் அப்படியே தாறுமாறாக மாறுகிறது என்று கொண்டால், மணிக்கு 30 கார் வரும்போது வாசலில் சராசரியாக 3 கார். 36 வந்தால் 9. வெறும் இரண்டு கூடி 38 ஆனால் 19. ஒரு காருக்கு 7 மீட்டர் வீதம் 133 மீட்டர் வால். அந்த வால் நெடுஞ்சாலையில்தான் கிடக்கும். கோபன்ஹேகன் தொலைபேசிப் பொறியாளர் எர்லாங் 1909-இல் தொடங்கிவைத்த கணக்கின் வாரிசு இது. டெலிபோன் மணிக்குப் பொருந்தியது காபிக்கும் பொருந்துகிறது. முகூர்த்த மாலையில் ‘கொஞ்சம்தானே கூட்டம் கூடியது, ஏன் இப்படி அடைத்தது?’ என்று வியக்கும் கடைக்காரருக்கு விடை இதில் இருக்கிறது. அவருக்கு இன்னொரு மாஸ்டர் வேண்டும். இன்னொரு போர்டு வேண்டாம்.

சட்டத்தில் இடம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையோரம் பெட்ரோல் பங்க், ஓய்விடம் போன்றவற்றுக்கு வழி விடுவது பற்றி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூனில் நெறிமுறை வெளியிட்டது. பெட்ரோல் பங்க்குக்கு அனுமதி கேட்டால் வேகம் குறைக்கத் தனித் தடம், கூட்டத் தனித் தடம் என்று வரைந்து காட்ட வேண்டும். கீற்றுக் கொட்டகை எந்த வரைபடமும் இல்லாமல் முளைத்துவிடுகிறது, பங்க்கை விட அதிகக் கார் அங்கே திரும்பினாலும். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய்க் கிணறு போன்றவற்றைத் தடுக்க எழுந்தது. காபி அதன் கண்ணில் படாது. கடைகளை மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கண் சொருகும் டிரைவருக்கு அந்தக் காபி உயிர் காக்கிறது. சுங்கம் வசூலிக்கும் சாலையில் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக, சர்வீஸ் ரோடு ஓரமாக இடம் ஒதுக்கி, கடைக்காரர்களை அங்கே கூட்டிவைப்பது அரசுக்குப் பெரிய செலவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் சேத்தியாத்தோப்பு–சோழபுரம் இடையிலான 50 கிலோமீட்டர் 2025 ஜூலையில் திறந்துவைக்கப்பட்டது. 2028-இல் மகாமகம். சென்னைக் கார்கள் பெருமளவு அந்த வழியாகத்தான் கும்பகோணம் வரும், அந்தக் கார்களைப் பார்த்துத்தான் அடுத்த கொட்டகைகள் போடப்படும். நெடுஞ்சாலைத் துறை இப்போதே ஓட்டமுள்ள பத்துக் கடைகளின் வாசலில், ஒரு முகூர்த்த நாளும் ஒரு சாதாரண நாளும் ஆள் போட்டு எண்ணினால், 937-க்குப் பதிலாக நமக்கென்று ஓர் எண் கிடைக்கும்.

துறை எண்ணும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை டிகிரி காபிக்கு நிற்கும்போது, ஒரு தாளில் மேலே சொன்ன நான்கு பத்தியைப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் எண்ணிப் பாருங்கள். கடை எந்தச் சாலையில், எந்தக் கிழமை, எந்த நேரம் என்பதைக் குறித்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். வந்து சேரும் கணக்கை இந்தத் தொடரிலேயே வெளியிடுகிறேன். காரை மட்டும் திடலுக்குள் நிறுத்திவிட்டு எண்ணுங்கள்.