பன்னீர் திராட்சையும் கம்பம் பள்ளத்தாக்கும்

நெய்வேலி நகரியத்தில் பழக்கடை நடத்தும் நம் உறுப்பினர்களுக்குப் பன்னீர் திராட்சை பழகிய சரக்கு. காலையில் பெட்டி திறந்ததும் பளபளக்கும். சில நாட்களில் மாலைக்குள்ளேயே பழம் வெடித்துச் சாறு வடியும். காரணம் கடையில் இல்லை, விளைந்த இடத்தில் இருக்கிறது.

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை அணைத்தாற்போல் கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி வட்டாரமெங்கும் பந்தல்தான். இனத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். நாசிக்கில் முக்கிய அறுவடை ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கம்பத்தில் கொடியை உறங்க வைக்கும் கடுங்குளிர் கிடையாது. கவாத்து செய்த சுமார் நான்கு மாதத்தில் பழம் வரும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை மாற்றிச் செய்வதால் ஆண்டு முழுவதும் வரத்து உண்டு.

ஆனால் இதன் தோல் மெல்லியது. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் நீரை உறிஞ்சி வெடிக்கும், இனிப்பும் குறையும். ஒயின் தயாரிப்போருக்கும் இதே கவலைதான், சர்க்கரைதான் மதுவாகிறது. புளிப்பும் வேண்டும், வெயில் மிகுந்தால் அது சீக்கிரம் குறைந்துவிடும். குளிர்ந்த இரவுகள் அதைக் காக்கும் என்பதால்தான் பெங்களூர் அருகே நந்தி மலையடிவாரத்தில் ஒயின் திராட்சை பயிராகிறது. (நம் பண்ருட்டிப் பலாவைச் செம்மண்ணோடு சேர்த்துப் பேசுகிறோமே, அதுபோல.)

எனவே கொள்முதலின்போது விலைக்கு முன் கேட்க வேண்டியது: பறித்த வாரம் அங்கே மழையா? மழையென்றால் பாதிப் பெட்டி போதும். இன்னொன்று. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. கறுப்புத் திராட்சைக்கெல்லாம் ‘கம்பம்’ என்று பலகை வைப்பவர்கள் அதை இப்போதே எடுத்துவிடலாம்.